எந்தக் கிளையிலும் அடங்காத மரெல்லா: யோஹோ மலைப் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 17: கால்கரியிலிருந்து ஃபீல்ட்

கனடாவின் கால்கரியை விட்டுக் கிளம்பும்போதே காற்றில் புகை வாசனை. பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் எங்கோ காடு எரிகிறது. ஆகஸ்டில் இது இங்கே வழக்கமாகிவிட்டது. கான்மோர் தாண்டும்வரை மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. லேக் லூயிஸுக்கு அப்புறம் தூறல் போட்டது, புகை கொஞ்சம் அடங்கியது. கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் சாலை இறங்கத் தொடங்கியபோது சிகரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வண்டி ஓட்டியது தம்பி. கணினி வேலைக்காரன், பாறையிலோ பூச்சியிலோ பெரிய ஈடுபாடு கிடையாது. அக்கா ஆசைப்படுகிறாள் என்று லீவு போட்டு வந்திருக்கிறான். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். கணுக்காலிகள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் மரெல்லாவை, கல்லில் பதிந்து கிடைக்கிற ஒரு பழங்காலக் கடல் கணுக்காலியை, வரைந்து காட்டுவேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனால் கணுக்காலிகளை வகை பிரிப்பது எவ்வளவு சிக்கலான வேலை என்று மாணவர்களுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அது புதைந்து கிடக்கும் மலையை நேரில் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

வழியில் சுழல் சுரங்கப் பாதைகளைப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினோம். மலைக்குள்ளேயே வளைந்து திரும்பி ரயில் மேலேறும் பாதை. நீளமான சரக்கு ரயில் என்றால் எஞ்சின் மேல் வாயிலில் வெளியே வரும்போது கடைசிப் பெட்டிகள் கீழே இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். எங்களுக்கு அதிர்ஷ்டம், இருபது நிமிடத்தில் ஒரு ரயில் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், யாரும் கேட்காமலே, தன்னிடமிருந்த தொலைநோக்கியை எங்களிடம் நீட்டினார். இந்தச் சுரங்கங்கள் திறக்கப்பட்டது 1909இல். அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில்தான் சார்லஸ் டூலிட்டில் வால்காட் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் இந்த மலைகளில் பர்ஜஸ் ஷேல் என்ற சேற்றுப் பாறை அடுக்கின் புதைபடிவங்களைக் கண்டார். ரயில் இல்லாவிட்டால் அவர் இங்கே வந்திருக்கவே முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ரயில் பெட்டிகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தான்.

யோஹோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஃபீல்ட் ஊரில் ஒரு குழப்பம். எங்களுக்கு உறுதிசெய்திருந்த அறையை வேறொரு குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து குழந்தைகளைத் தூங்கவும் வைத்துவிட்டார்கள். விடுதிக்காரர் போனை எடுக்கவில்லை. ஃபீல்ட் மிகச் சின்ன ஊர், சில தெருக்கள்தான். மழையில் பெட்டியோடு நின்ற எங்களைப் பார்த்து எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. இரவுக்கு 140 டாலர் என்றார். இந்த சீசனில் இந்த இடத்துக்கு அது குறைந்த வாடகைதான். துவட்டிக்கொள்ளத் துண்டும், குடிக்கச் சூடாக டீயும் கொடுத்தார்.

ராத்திரி சாப்பாடு ஊரில் திறந்திருந்த ஒரே இடத்தில். பருப்பும் காரட்டும் போட்ட சூப், கூடவே தடித்த ரொட்டி, 13 டாலர். உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் அந்தக் குளிருக்கு இதமாக இருந்தது. படுத்த பிறகு இரவு முழுக்க ரயில்கள் ஊரின் ஓரமாக உருண்டுகொண்டே இருந்தன.

ஆகஸ்ட் 18: ஃபீல்ட், எமரால்ட் ஏரி

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. மலையேற்றம் நாளைக்குத்தான் என்பதால் கவலையில்லை. முதலில் ஊர் முகப்பில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் சில புதைபடிவங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று மரெல்லா.

அவ்வளவு சின்னது. இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கறுத்த கல்லில் பென்சிலால் வரைந்து விரலால் தேய்த்தது மாதிரி ஒரு வெள்ளிப் பளபளப்பு. தலைக் கவசத்திலிருந்து நீளமான முட்கள் பின்னோக்கி வளைந்து, உடம்பு முழுவதற்கும் மேலே போகின்றன. உடம்பில் வளையம் வளையமாக இருபதுக்கும் மேற்பட்ட கண்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கால். ஒவ்வொரு காலும் இரண்டாகப் பிரிந்தது. உள்பக்கக் கிளை நடப்பதற்கு, வெளிப்பக்கக் கிளை செவுளாக. முன்னால் நீண்டு மெலிந்த உணர்கொம்பு ஒரு ஜோடி. அதை அடுத்து குட்டையாக, தூரிகை மயிர் வைத்த இன்னொரு ஜோடி, நீந்தத் துடுப்பு போட்டது அதுதான் என்று கருதுகிறார்கள். கண் இருந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. பல மாதிரிகளில் உடம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கறை இருக்கும், செத்த பிறகு உடம்புக்குள் இருந்தது வெளியே கசிந்து கல்லில் ஊறியது. கண்ணாடிக்குள் இருந்த மாதிரியிலும் அந்தக் கறை இருந்தது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் 50.8 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த ஓர் உயிரின் உடல் நீர் கறையாக இன்னும் அங்கே இருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

"அக்கா, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றான் தம்பி.

"இதுக்குத்தான்டா. கிட்ட வந்து காலைப் பாரு."

குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

ஊருக்கு நேர் மேலே நிற்பது ஸ்டீஃபன் மலை. அதன் சரிவில் டிரைலோபைட்டுகள், அதாவது எப்போதோ அழிந்துபோன ஓடுள்ள கடல் கணுக்காலிகள், கொட்டிக் கிடக்கின்றன. ரயில் பாதை போட வந்த தொழிலாளர்கள் மலையில் கல் பூச்சிகள் இருப்பதாகப் பேசிக்கொள்ள, அந்தப் பேச்சு கனடா நிலவியல் ஆய்வுத் துறையின் மெக்கானல் காதுக்குப் போய், 1886இல் அவர் ஏறிச் சேகரித்தார். வால்காட் வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முந்திய கதை. பாதை போட்ட கூலிகளின் கண்ணில்தான் இதெல்லாம் முதலில் பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட இந்தப் படிவங்களுக்கு வைக்கப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மதியம் மழை விட்டதும் எமரால்ட் ஏரி. பனியாறு அரைத்த பாறைத் தூள் தண்ணீரில் மிதப்பதால் அந்தப் பச்சை. கரையில் காபி 6 டாலர், ஆறிப்போய் வந்தது. மாற்றித் தரச் சொன்னதும் முகம் சுளிக்காமல் புதிதாகப் போட்டுக் கொடுத்தார் அந்தப் பெண். ஏரிக்கு அந்தப் பக்கம் பர்ஜஸ் மலை. 1954இல் வந்த கனடா பத்து டாலர் தாளின் பின்பக்கத்தில் அச்சானது இந்த மலைதான். அதற்கு வடக்கே வாப்டா மலை. வாப்டாவுக்கும் ஃபீல்ட் மலைக்கும் நடுவில் உள்ள முகட்டில்தான் வால்காட் வெட்டிய குழி இருக்கிறது. மேகம் முகட்டை மூடியே இருந்தது.

ஆகஸ்ட் 19: வால்காட் குழி

வழிகாட்டி இல்லாமல் அங்கே போகச் சட்டப்படி அனுமதி இல்லை. ஒரு சின்னக் கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. போக வர ஏறக்குறைய 22 கிலோமீட்டர், 825 மீட்டர் ஏற்றம். இருட்டு பிரிவதற்குள் டகாக்கா அருவி அருகே கூடினோம். அருவிக்குப் போகும் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு ரொம்ப நெருக்கமானது, பெரிய வண்டிகள் பின்னோக்கி ஓட்டித்தான் அதைக் கடக்கும். எங்கள் வழிகாட்டி நிலவியல் படித்த இளம்பெண். கரடிகள் திரியும் இடம் என்பதால் யாரும் தனியாக முன்னால் போகக் கூடாது, பேசிக்கொண்டே நடங்கள், சோற்றுப் பருக்கைகூடக் கீழே விழக் கூடாது என்று சொன்னார். கடைசியாகச் சொன்னது என் பையில் இருந்த புளிசாத டப்பாவை அவர் பார்த்த பிறகு.

முதல் மணி நேரம் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஒரே ஏற்றம். மழையில் ஊறிய ஸ்ப்ரூஸ் மர வாசனை. யோஹோ ஏரியில் முதல் ஓய்வு. ஏரி சின்னது, ஆழம் குறைவு, அடிமட்டக் கற்கள்வரை தெரிகிறது. அதற்கு அப்புறம் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் பாதை. கீழே எமரால்ட் ஏரி, எதிரே பனி மூடிய பிரசிடென்ட் சிகரங்கள். சஸ்காச்சுவானிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி எங்கள் குழுவில் இருந்தார்கள். என் முழங்கால் இறக்கங்களில் வலிப்பதைப் பார்த்து, அந்த அம்மா தன் இரண்டு ஊன்றுகோலில் ஒன்றைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. மாலை வரை அது என் கையில்தான் இருந்தது.

பாதி வழியில் தம்பியின் ஷூ அடிப்பாகம் பிளந்து வாயைத் திறந்தது. வழிகாட்டி தன் பையிலிருந்து சாம்பல் நிற டேப்பை எடுத்துச் சுற்றோ சுற்று என்று சுற்றிக் கட்டிவிட்டார். இந்த மாதிரி ஒவ்வொரு வாரமும் யாருக்காவது நடக்கும், புது ஷூவைவிடப் பழைய ஷூதான் மோசம், பசை காய்ந்துபோயிருக்கும் என்றார். அந்தக் கட்டு கடைசிவரை தாங்கியது.

கடைசி ஏற்றம் செங்குத்தாக, சரளைக் கல்லில். அங்கே ஏறும்போது ஆலங்கட்டி மழை. ஐந்து நிமிடம்தான், ஆனால் குனிந்து முதுகைக் கொடுத்து நிற்க வேண்டியிருந்தது. அது நின்றதும் புகை, மேகம் எல்லாம் கழுவிவிட்டாற்போல் வானம் திறந்தது.

குழியைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். உலகப் புகழ் பெற்ற இடம், 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த இடம், பெரிய சுரங்கம் மாதிரி இருக்கும் என்று மனதில் ஒரு படம் இருந்தது. நேரில் அது மலைச்சரிவில் வெட்டிய ஒரு சின்னத் திட்டு, பின்னால் ஒரு பாறைச் சுவர், அவ்வளவுதான். வால்காட் கணக்கிட்ட அந்த அடுக்கின் தடிமன் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகம். அதிலிருந்து அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய மாதிரிகள் 65,000க்கும் மேல். அவர் அப்போது அங்கே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், அதாவது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பட்டம் எதுவும் வாங்காதவர், தானாகவே படித்து அந்த இடத்துக்கு வந்தவர். 1909க்குப் பிறகு பல கோடைகளில் மனைவி, பிள்ளைகளோடு கூடாரம் போட்டு இங்கே தங்கியிருக்கிறார். வெடி வைத்து, கடப்பாரை போட்டு, கல்லைப் பிளந்து, கட்டிக் குதிரையில் ஏற்றிக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

குதிரை ஒரு கல்லில் தடுக்கியதால்தான் முதல் புதைபடிவம் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் சொல்ல ரொம்ப வசதியான கதை. வால்காட்டின் நாட்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று மனைவி ஹெலனாவோடும் மகன் ஸ்டூவர்ட்டோடும் போய்ச் சேகரித்ததாகவும், அபூர்வமான ஓட்டுக் கணுக்காலிக் கூட்டம் ஒன்று கிடைத்ததாகவும் எழுதி, பக்கத்திலேயே சின்னப் படங்களும் போட்டிருக்கிறார். அந்தப் படங்களில் ஒன்று மரெல்லா. அவர் அதைச் செல்லமாக லேஸ் நண்டு என்று கூப்பிட்டார்.

குழியின் ஓரத்தில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது. வழிகாட்டி அதைத் திறந்து கற்களை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். சுற்றிலும் கிடக்கிற உடைந்த கற்களையும் எடுத்துப் பார்க்கலாம், பார்த்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கையில் வாங்கிய கல்லை வெயிலுக்குச் சாய்த்தேன். ஒரு கோணத்தில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் திருப்பினால் முட்கள் மின்னின. இன்னும் கொஞ்சம் திருப்பினால் கால்கள். சாதாரண லென்ஸிலேயே செவுள் இழைகள் தெரிந்தன. இந்த முட்களில் மிக நுண்ணிய கோடுகள் வரிசையாக இருந்தன என்றும், உயிரோடு இருந்தபோது அவை ஒளியைச் சிதறடித்து வானவில் நிறம் காட்டியிருக்கும் என்றும் ஆண்ட்ரூ பார்க்கர் 1998இல் எழுதினார். கறுத்த கல்லில் வெள்ளிக் கோடாகக் கிடக்கிற இது, கடலுக்கடியில் நிறம் மாறி மாறி மின்னியபடி நீந்திப் போயிருக்கிறது.

சாப்பிட உட்கார்ந்தோம். புளிசாதமும் அப்பளமும். சஸ்காச்சுவான் ஐயா ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அவர்கள் கொடுத்த ஓட்ஸ் பிஸ்கட்டும் நன்றாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டரைத் தாண்டும். மரெல்லா வாழ்ந்த கேம்பிரியன் காலத்தில் இது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு கடலடிச் செங்குத்துப் பாறையின் காலடியில் இருந்தது. மேலிருந்து சேறு சரிந்து சரிந்து உயிர்களை மூடியிருக்கிறது. காற்று புகாத நுண் சேறு என்பதால் ஓடு மட்டுமல்ல, கால், செவுள், குடல் எல்லாமே பதிந்துவிட்டன. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஓடு மட்டும்தான் மிஞ்சும். மரெல்லாவுக்குக் கெட்டியான ஓடே கிடையாது. சாதாரணக் கடலடி என்றால் அது இருந்த தடமே நமக்குத் தெரிந்திருக்காது.

இங்கே அதிகம் கிடைக்கிற கணுக்காலியே அதுதான். சேகரித்தவை சுமார் 25,000. அத்தனையில் ஒரே ஒரு மாதிரி, பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் சேற்றில் சிக்கியிருக்கிறது. முட்கள் இன்னும் நிமிராமல் மடங்கிக் கிடக்கும். டொராண்டோ ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள அதைப் பற்றி 2004இல் கட்டுரை வந்தது. தோலுரிப்பது கணுக்காலிகளின் வாழ்க்கையில் மிக ஆபத்தான நேரம், அது பல நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நிமிடங்களுக்குள் சேறு வந்திருக்கிறது.

இறங்கும்போது நான் வழிகாட்டியிடம் கேட்டேன், நீங்கள் இதை எந்த வகையில் வைப்பீர்கள் என்று. அவர் யோசிக்காமல், "இறால், பூச்சி இருக்கிற பக்கம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழே அருவிச் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். கரடிக்காகப் பேச்சு வேண்டும் என்று அவர்தானே சொன்னார்.

வண்டிக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. சூப் கடைவரை நடக்கக்கூடத் தெம்பில்லை. மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினோம்.

ஆகஸ்ட் 20: ஃபீல்டில் ஓய்வு

உடம்பு அசைய மறுத்தது. வீட்டு அம்மா உப்புப் போட்ட சுடுதண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைத்து, காலை ஊறவையுங்கள் என்றார். வெளியே நல்ல வெயில். காலை ஊறவைத்தபடி நேற்றைய விவாதத்தை எழுதிவைக்கிறேன்.

வால்காட் 1912இல் மரெல்லாவை முறைப்படி விவரித்தபோது டிரைலோபைட்டுகளோடு சேர்த்தார். கேம்ப்ரிட்ஜ் நிலவியலாளர் ஜான் மார் என்ற நண்பரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இரட்டைக் கிளைக் கால்களைப் பார்த்தால் டிரைலோபைட் என்று தோன்றுவதில் நியாயம் உண்டு. அதன் பிறகு பல வருடம் டிரைலோபைட்டைப் போல உள்ளவை என்ற ஒரு பெரிய கூடையில் அதைப் போட்டு வைத்திருந்தார்கள். எதிலும் சேராததையெல்லாம் அள்ளிப்போடுகிற கூடை அது.

1966, 1967 கோடைகளில் கனடா நிலவியல் ஆய்வுத் துறை இந்தக் குழியை மறுபடி வெட்டியது. அப்போது மேலே ஏறியவர் ஹாரி விட்டிங்டன். டிரைலோபைட்டுகளில் உலகத்தில் பெரிய ஆள். மார் வகித்த அதே கேம்ப்ரிட்ஜ் பேராசிரியர் பதவிக்கு 1966இல் வந்தவர். வால்காட் மாதிரிகளையும் புதியவற்றையும் எடுத்து, கல்லுக்குள் மறைந்த பாகங்களை நுண்ணிய கருவியால் அடுக்கடுக்காகத் தோண்டி, வேறு வேறு கோணத்தில் புதைந்த மாதிரிகளை ஒப்பிட்டு, உடம்பை முழுசாக வரைந்தார். 1971இல் அவர் வெளியிட்ட முடிவு: இது டிரைலோபைட் இல்லை. சிலந்தி, தேள் கூட்டமும் இல்லை. இறால், நண்டு கூட்டமும் இல்லை. டிரைலோபைட்டுகளோடே வாழ்நாளைக் கழித்தவர், இது டிரைலோபைட் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படி எழுதவில்லை. அந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

விஷயம் எல்லாம் தலையில்தான். கணுக்காலிகளை வகை பிரிக்கும்போது தலையின் கீழ் எத்தனை ஜோடி உறுப்பு, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். டிரைலோபைட்டுக்கு ஒரு ஜோடி உணர்கொம்பு, அதன் பின் தலைக் கவசத்துக்கு அடியிலேயே சில ஜோடிக் கால்கள், உடம்பில் இருப்பவை மாதிரியே. இறாலுக்கு இரண்டு ஜோடி உணர்கொம்பு, அப்புறம் கடிக்கும் தாடை, அதன் பின் உணவைக் கையாளும் உறுப்புகள். தேளுக்கும் சிலந்திக்கும் உணர்கொம்பே கிடையாது, முன்னால் இடுக்கி. மரெல்லாவுக்கோ தலையில் இரண்டே ஜோடி. மெல்லிய உணர்கொம்பு ஒன்று, தூரிகைத் துடுப்பு ஒன்று. தாடை இல்லை. தலையில் கால் இல்லை. இரண்டு ஜோடியைப் பார்த்து இறால் பக்கம் என்றால் தாடை எங்கே என்று கேட்க வேண்டும். காலைப் பார்த்து டிரைலோபைட் பக்கம் என்றால் தலை ஒத்து வராது.

பின்னால் வந்தவர்களும் இதே இழுபறியில்தான் இருக்கிறார்கள். பண்புகளைப் பட்டியல் போட்டுக் கணினியில் உறவுமரம் வரையும்போது சிலருக்கு அது டிரைலோபைட்டுகளின் உறவுக்காரக் கூட்டத்தில் வந்து விழுகிறது. சிலருக்கு இறால், பூச்சி போன்ற தாடையுள்ளவற்றின் பக்கம். இன்னும் சிலருக்கு, இன்றைய கணுக்காலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முன்னோர் தோன்றுமுன்பே பிரிந்த ஒரு பக்கக் கிளையாக. எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம், அந்த இரண்டாவது ஜோடியை எதற்கு இணையாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மரம் மாறுகிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். மரெல்லாவை இடைநிலை உயிர், பாதி வளர்ந்த வடிவம் என்று எழுதுவது தவறு. அது எதற்கும் முன்னோட்டம் இல்லை. தன் கடலில் எல்லாக் கணுக்காலிகளையும்விட அதிகமாகப் பெருகி வாழ்ந்த உயிர் அது. அதன் சொந்தக்காரர்களும் உண்டு. ஜெர்மனியின் ஹன்ஸ்ரூக் கற்பலகைகளில் கிடைத்த மிமெட்டாஸ்டர், வாகோனிசியா இரண்டும் ஏறக்குறைய 40 கோடி ஆண்டு பழமையானவை. மிமெட்டாஸ்டருக்குத் தண்டின் மேல் கண்கள் இருந்தன. அப்படியென்றால் இந்தக் குடும்பம் பத்துக் கோடி ஆண்டு நீடித்திருக்கிறது. மரெல்லாவைத் தனியாக வைத்துக்கொண்டு எங்கே சேரும் என்று கேட்டால் விடை வராது. மிமெட்டாஸ்டரின் தலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது நகரும். இதைத்தான் நேற்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை, ஆனால் துடுப்பு ஜோடி இறாலின் இரண்டாவது உணர்கொம்புக்கு இணை என்ற தன் கட்சியை விடவும் இல்லை.

சாயங்காலம் நொண்டி நொண்டிச் சூப் கடைக்குப் போனால் சஸ்காச்சுவான் தம்பதி அங்கே. ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஐயா கோதுமை விவசாயியாம். "இனம் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வயலில் ஒரு புதுப் புழு வந்தால் அது எந்த வகை என்று தெரியாமல் என்ன மருந்து தெளிப்பீர்கள் என்று தம்பி திருப்பிக் கேட்டான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உறவு தெரிந்தால் மற்றதையும் ஊகிக்கலாம் என்று அவனே விளக்கினான். தலை, தாடை, கால் என்று மேசையில் இருந்த உப்புக் குப்பியையும் முள்கரண்டியையும் வைத்து அவன் சொன்னதில் ஓர் இடம்தான் தப்பு. அதைத் திருத்திவிட்டேன். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க அவர்கள் விடவில்லை. புளிசாதக் கடன் என்றார்கள்.

ஆகஸ்ட் 21: திரும்பும் வழி

கிளம்பும்போது வீட்டு அம்மா ஒரு பொட்டலம் நாவல் நிறப் பழ மஃபின் கொடுத்தார். முதல் நாள் அறைக்கு நாங்கள் கட்டிய பணத்தைக் கேட்டு விடுதிக்காரருக்கு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை.

லேக் லூயிஸில் கார் நிறுத்த இடமே கிடைக்கவில்லை, நேராகப் பான்ஃப் வந்தோம். அங்கே இரண்டு சான்ட்விச், ஒரு ஜூஸ், 41 டாலர். ஃபீல்டின் 13 டாலர் சூப்பை நினைத்துக்கொண்டேன். தம்பி ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டு, கடையில் புதுசு வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கோடை நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் பாதை நடக்கிற நிலையில் இருக்கும். அருவிக்குப் போகும் சாலை பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். ஆகஸ்டிலும் மேலே பனியோ ஆலங்கட்டியோ வரலாம், மழைச் சட்டையும் கையுறையும் அவசியம். நீண்ட நடை முடியாதவர்கள் ஸ்டீஃபன் மலை டிரைலோபைட் சரிவுக்குப் போகலாம், தூரம் பாதிக்கும் குறைவு. ஆனால் ஏற்றம் கிட்டத்தட்ட அதே அளவு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நல்ல லென்ஸ் ஒன்று கண்டிப்பாக எடுத்துப் போங்கள். வழிகாட்டி வைத்திருப்பதைப் பத்துப் பேர் பங்குபோட வேண்டியிருக்கும். கல்லை வெயிலில் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், நேராகப் பிடித்தால் மரெல்லா தெரியாது.

மலையேறவே முடியாது என்றால் டொராண்டோ போங்கள். ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் 2021 கடைசியில் திறந்த தொல்லுயிர்க் கூடத்தில் பர்ஜஸ் ஷேல் உயிர்களுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் லீவில் அங்கே போகலாமா என்று கான்மோர் பக்கத்தில் தம்பியே கேட்டான்.